பஜனைக்குப் போன பழைய கம்ப்யூட்டர்

எங்கள் பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த பிறகு எங்கள் ஊர் நகரிக்கு அவன் வந்ததைவிடப் பழைய கம்ப்யூட்டர்கள் வந்ததுதான் அதிகம். அவன் ஆபீசில் கொஞ்ச வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்றுவார்களாம். பழையதை வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம், மிச்சத்தை உடைக்கப் போட்டுவிடுவார்களாம். இவன் ஒவ்வொன்றாய் எடுத்து, பழைய வேட்டியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து இறங்குவான்.

"ரூம்ல எடமில்லம்மா. ஒடைக்கிறத பாக்க மனசு கேக்கல" என்பான்.

எப்படிக் கேட்கும்? பவர்லூம் வீட்டுப் பிள்ளை. கழிவு நூலைக்கூட முறுக்கிக் கயிறாக்குகிற வீட்டில் பிறந்தவன்.

அப்படி வந்ததில் செத்துப்போனவையும் உண்டு, உயிரோடிருந்தவையும் உண்டு. செத்ததை நான் விடவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் அவன் கழற்றி எடுத்த பிறகு நல்ல கனமான தகரப் பெட்டி ஒன்று மிஞ்சியது. நூல் சுற்றின தார்க்குச்சிகளை அதில் போட்டு வைத்தேன். எலியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே இருந்த சின்ன ஃபேனைச் சாமி ரூம் ஜன்னலில் வைத்துக் கொடுத்தான், சாம்பிராணிப் புகை அடைக்காமல் வெளியே போயிற்று. உள்ளே கண்ணாடி மாதிரிப் பளபளவென்றிருந்த தட்டுகளைக் கிளி வராமலிருக்க முருங்கை மரத்தில் கட்டினேன். கொஞ்ச நாள் வரவில்லை. அப்புறம் கிளிகள் அதில் முகம் பார்த்துக்கொண்டே பூவைத் துன்ன ஆரம்பித்துவிட்டன.

எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏமே, உங்க ஊட்ல கம்ப்யூட்டர மண்ல போட்டு மொளைக்க வைக்கிறீங்களா?"

"மொளைச்சா ஒனக்கு ஒரு கன்னு தரேங்க்கா" என்றேன்.

உயிரோடிருந்த ஒன்றைக் கூடத்து மூலையில் மேஜை போட்டு வைத்திருந்தோம். முன்பக்கம் கண்ணாடியும் பின்பக்கம் பூசணிக்காய் மாதிரித் துருத்தலுமாய்ப் பெரிய டிவி போன்றது. ஆயுத பூஜைக்குத் தறிக்கும் அதற்கும் சேர்த்தே சந்தனம் குங்குமம் வைப்பேன். "காத்து போற ஓட்டைல சந்தனத்த வைக்காதம்மா!" என்று பூத்திலிருந்து போன் போட்டால் பையன் கத்துவான். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எது மூக்கு, எது நெற்றி என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் வேடிக்கைக் காலம். வீட்டில் வேடிக்கை நின்றுபோனது என் வீட்டுக்காரருக்குக் கண் மங்கியபோது.

சர்க்கரைதான் காரணம். திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம், அங்கிருந்து மெட்ராசுக்குப் போகச் சொன்னார்கள், அங்கே லேசர் வைத்தார்கள். "இருக்கிற பார்வை நிலைக்கும். போனது வராது" என்று டாக்டர் சொன்னார். திரும்பி வரும்போது வழியில் பஸ் நின்றது. எதிரில் நின்ற பஸ்ஸின் போர்டைக் காட்டி, "அது தமிழா தெலுங்கா?" என்று என்னைக் கேட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தறி வேலையைக்கூட அவர் கையாலே தடவிச் சமாளித்துக்கொண்டார். இழை அறுந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் பஜனையை அப்படிச் சமாளிக்க முடியவில்லை.

மார்கழி முழுக்க எங்கள் ஊர்ப் பஜனைக் கூடத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி நாலு தெரு சுற்றி வருவார்கள். முன்னால் ஒருவர் ஒரு வரி பாட, பின்னால் வருகிறவர்கள் எல்லாம் திருப்பிப் பாடுவார்கள். முன்னால் பாடுகிறவருக்கு முன்பாட்டுக்காரர் என்று பெயர். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே முன்பாட்டுக்காரர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் நைனா, "குரல் நல்ல குரல், அதுவே ஒரு சொத்து" என்று சொல்லித்தான் முடித்தார்.

எங்கள் கூடத்தில் ஒரு முறை உண்டு. முன்பாட்டுக்காரர் எவ்வளவு மனப்பாடமாகத் தெரிந்தவராக இருந்தாலும் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாட வேண்டும். ஒரு சொல் மாறிப்போனால் பின்னால் வருகிற அத்தனை வாயும் மாறிச் சொல்லும், பகவானுக்கு முன்னால் அது குறை என்பார்கள். பக்கத்தில் ஒருவர் படித்துச் சொல்ல இவர் பாடலாமே என்று கேட்டுப் பார்த்தோம். கூடத்துப் பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்போ படிக்கிறவன்தானே முன்பாட்டுக்காரன்? நடுவுல இவர் எதுக்கு?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. "கண்ணு தேறட்டும் தம்பி. இந்த வருஷம் வேற யாரனா பாடட்டும்" என்று தோளைத் தட்டித்தான் அனுப்பினார்.

அவர் வீட்டுக்கு வந்து கைத்தாளத்தை எடுத்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார். சாப்பிட்டார், தறிக்குப் போனார். காலையில் குளிக்கும்போது முணுமுணுக்கிறதுகூட நின்றுபோயிற்று. தறிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் வீடு ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. பெருமாளே, கண்ணை எடுத்துக்கொண்டாய், சரி. குரலையும் ஏன் எடுக்கிறாய் என்று நான் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டேன்.

சும்மா கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெரிய பெரிய எழுத்தாகப் பாட்டை எழுதினேன். பகலில் வாசலில் வைத்துக் காட்டினால் தட்டுத்தடுமாறிப் படித்தார். விடிகாலை இருட்டில் டார்ச் அடித்துக் காட்டினால் தாள் மட்டும் வெள்ளையாய்த் தெரிகிறது, எழுத்து ஓடிவிடுகிறது. "வுடுமே. கெட்டது கெட்டதுதான்" என்றார்.

அப்போதுதான் தீபாவளிக்குப் பையன் வந்தான். போகிறதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் எனக்காக ஒரு விளையாட்டு வைத்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரம் யாரும் தொடாமலிருந்தால் திரை கறுப்பாகி, அதில் 'கோவிந்தா' என்று வெள்ளை எழுத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஊர்ந்து போகும். சாமி பேரை எப்போது பார்த்தாலும் நல்லதுதானே என்று நானும் அணைக்காமல் விட்டிருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் வந்து போய்க்கினு இருந்தது. வீட்டில் லைட் எரியவில்லை. இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து மெல்ல ஒரு சத்தம்.

"கோவிந்தா..."

சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "கோவிந்தா." எழுத்து ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகப் போக இவர் தலையும் கூடவே திரும்பியது.

முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். "இன்னாங்க, தெரியுதா ஒங்களுக்கு?"

"தெரியுதுமே. கறுப்புல வெள்ளையா... எரியிற மாதிரி தெரியுது" என்றார். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

தாளில் வெளிச்சம் மேலே விழ வேண்டும். இதில் எழுத்தே வெளிச்சம். அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த தெரு போன் பூத்துக்கு ஓடிப்போய்ப் பையனிடம் சொன்னேன். "நைனா படிச்சாராம்மா? எழுத்து கூட்டி படிச்சாரா, சும்மா சொன்னாரா?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டான்.

அந்த வாரமே மறுபடி வந்தான். தமிழில் தட்டுகிறதற்கு வழி செய்து, ஒரு திரைக்கு மூன்று நாலு சொல் மட்டும் வருகிற மாதிரி எழுத்தைப் பெரிதாக்கி, எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரும் என்று அதன்மேல் நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனான். மற்றது என் பாடு. கார்த்திகை மாசம் பூராவும் தட்டினேன். ஒற்றை விரல். குளிக்காமல் தொட மாட்டேன். பாட்டு சாமியுடையது, இயந்திரம் யாருடையதாக இருந்தால் என்ன? தெலுங்குப் பாட்டுகளும் எங்கள் புத்தகத்தில் தமிழ் எழுத்தில்தான் இருக்கும், அதனால் தடையில்லை. தட்டினதை இவர் கட்டிலிலிருந்து படித்துப் பார்ப்பார். "இங்க ஒரு கால் உட்டுட்ட பாரு" என்று எனக்கே பிழை சொல்ல ஆரம்பித்தார். கண் மங்கினவர் சொல்லி நான் திருத்துகிறேன்! அந்தச் சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்வேன்.

இனிப் பெரியவர் சம்மதம்தான் பாக்கி. நானே போய்க் கூப்பிட்டேன். வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். லைட்டை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்டேன். அவருக்கும் கண்ணில் புரை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போடாமலேயே படிக்க ஆரம்பித்தார். வாய்விட்டு ஒரு பாட்டு முழுக்கப் படித்து முடித்த பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"செருப்ப வெளிய உட்டுட்டு வந்தது நல்லதா போச்சி."

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கும்போது ஒரு பேச்சும் சொன்னார். "ஏடுன்னு இத ஒத்துக்கிறேன். ஆனா தெருவுல ஒருத்தர் வாயாலயும் கொறை வரக்கூடாது. பஜனை போறப்போ ஒரு ஊடு மொகம் சுளிச்சாலும் தப்பு. கொறை வந்தா அன்னிக்கே நிறுத்திப்புடணும். சரியா?"

"சரிங்க மாமா" என்றேன். யார் குறை சொல்லப் போகிறார்கள்?

நூல் மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியைக் கழுவி மஞ்சள் தெளித்தோம். கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும், மேலே கம்ப்யூட்டர், பனி விழாமலிருக்க அதற்குமேல் மழைக்குடை. கொழுந்தனார் வண்டியைத் தள்ளுகிறது, நான் கூடவே நடந்து பொத்தானை அழுத்துகிறது, இவர் திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து பாடுகிறது என்று ஏற்பாடு. மார்கழி முதல் நாள், குளிரில் பல் தந்தியடிக்க, பஜனைக் கூடத்துக்கு முன்னால் நின்றோம். என் வீட்டு வாசலில் சாணி தெளித்துப் பூசணிப்பூ வைத்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். எல்லாம் யோசித்தேன், பேட்டரிக்குத் தண்ணி ஊற்றினதைக்கூட இரண்டு தடவை பார்த்தேன்.

இவர் தாளத்தைத் தட்டி முதல் வரியை எடுத்தார். அடக்கி வைத்த குரல் அணை உடைந்த மாதிரி வந்தது. பின்னால் எல்லாரும் திருப்பிப் பாடினார்கள். வண்டி நகர்ந்தது.

முதல் வாசலிலேயே என் கண் கீழே போயிற்று. தெருவை அடைத்து ஈரக் கோலம். மார்கழியில் எங்கள் தெருவில் கோலம் வாசலோடு நிற்காது, இந்த வீட்டுக் கோலமும் எதிர்வீட்டுக் கோலமும் நடுத்தெருவில் முட்டிக்கொள்ளும். காலால் நடக்கிறவர்கள் ஓரமாய் ஒதுங்கிப் போவார்கள். வண்டி எங்கே ஒதுங்கும்? நாலு சக்கரமும் அப்படியே ஏறிப்போயிற்று. சாணி ஈரத்தில் மாவு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, ஒரு வீட்டுத் தாமரையை அடுத்த வீட்டு மயில் மேல் இழுத்துப் பூசிக்கொண்டே போனது. கோலம் போட்டுப் போட்டு வளர்ந்த கை என்னுடையது. என் வீட்டுக் கோலத்தின் மேலும் நானே ஏற்றினேன். ஒரு மாசமாய்த் திரையையே பார்த்தவளுக்குத் தரை மறந்துபோயிற்று.

எதிர்வீட்டு அக்கா தட்டில் கற்பூரத்தோடு வாசலில் நின்றாள். அவள் தெலுங்கு வீட்டிலிருந்து வாழ வந்தவள், கோபம் வந்தால் தாய்மொழிதான் வரும். "அய்யோ ராமா! நா முக்கு! நா முக்கந்தா பாடாயிபோயிந்தி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முக்கு என்றால் கோலம், அத்தனையும் பாழாய்ப் போச்சாம். "உங்க பொட்டி என் மயில துன்னுட்டு போவுதுமே!"

அடுத்த வாசலிலும் அதே. அதற்கடுத்த வாசலிலும். முன்னால் இவர் கண் திரையை விட்டு அசையவில்லை, குரல் ஏறிக்கொண்டே போகிறது. பின்னால் பெண்களின் புலம்பலும் ஏறிக்கொண்டே வருகிறது. நடுவில் நான் நெயில் பாலிஷ் பொட்டை அழுத்திக்கொண்டே நடக்கிறேன். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பாட்டின் நடுவில் எப்படி நிறுத்துவேன்?

கூடத்தில் பொங்கல் கொடுக்கும்போது பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. "சாயங்காலம் பேசிக்கலாம்" என்று மட்டும் சொன்னார். இவருக்கு ஒன்றுமே தெரியாது. முகம் அப்படி மலர்ந்திருந்தது. பொங்கலை நக்கிக்கொண்டே, "எப்படிமே பாடினேன்?" என்றார். "தேன் மாதிரி இருந்திச்சி" என்றேன்.

பகலில் வீடு வீடாய்ப் போனேன். முதலில் எதிர்வீடு. அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"கோலத்துக்கு மன்னிச்சிடுக்கா. நாளைக்கி வண்டி வராது. பெரியவர்கிட்ட நானே சொல்லிட்றேன்."

"ஏன் வராது?"

"ஒரு ஊடு மொகம் சுளிச்சாலும் நிறுத்தணும்னு பேச்சு. நீங்க சுளிச்சதுல தப்பில்ல. கார்த்திகை பூரா அத்த தட்டினேன்க்கா, தரைய பாக்கணும்னு தோணல. அவரு பாடி எவ்ளோ நாளாச்சி தெரியுமா? ஊட்ல வாயே தொறக்கல. இன்னிக்கி ஒரு நாளு பாடிட்டாரு. அது போதும்."

அக்கா வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "போதுமா? யாருக்கு போதும்? நீ போயி வேலைய பாரு. பெரியவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் பெரியவர் வீட்டுப் பக்கம் பெண்கள் கும்பலாய்ப் போவதைப் பார்த்தேன். எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கூடத்திலிருந்து ஒரு சேதிதான் வந்தது: நாளைக்கும் வண்டி வரட்டும்.

மறுநாள் விடிகாலை எப்படிக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன் என்றே தெரியாது. வண்டி எங்கள் தெருவில் திரும்பியதும் கீழே பார்த்தேன். பார்த்ததும் பொத்தானை அழுத்த மறந்தேன்.

தெரு நடுவில் வண்டி அகலத்துக்கு வெறும் தரை. இரண்டு பக்கமும் ஓரக் கோலம். ஜரிகைக் கரை மாதிரி, ருத்திராட்சம், கோபுரம், மாங்காய் என்று நெய்கிற தெருவுக்குத் தெரிந்த கரைகள் எல்லாம் மாவில். ஒரு வீட்டுக் கரை அடுத்த வீட்டுக் கரையோடு இடைவெளியில்லாமல் சேர்ந்து, தெருக்கோடி வரைக்கும் ஒரே புடவையாய் விரிந்து கிடந்தது. அந்தப் புடவையின் நடுவில் எங்கள் வண்டிக்கு வழி.

"மே! அடுத்தது!" என்று இவர் அதட்டினார். பொத்தானை அழுத்தினேன். கண்ணில் தண்ணீர், எனக்குத்தான் இப்போது எழுத்து தெரியவில்லை.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். கொழுந்தனாரைப் பார்த்து, "இன்னா பாக்கிற? ஓட்டு. ஆனா கோட்டத் தாண்டி சக்கரம் வெளிய வந்தா கைய ஒடைச்சிடுவேன்!" என்றாள். கொழுந்தனார் கத்தி மேல் நடக்கிற மாதிரித் தள்ளினார். பின்பாட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டே கோவிந்தா சொன்னார்கள்.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு முன்னால் இவர் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னாமே, நேத்து மாதிரி இல்ல, வண்டி நேரா போவுது?"

காதருகில் குனிந்து சொன்னேன். தெருவே கரை போட்டு வைத்திருக்கிறது, உங்களுக்காக என்று.

திரையிலிருந்து முதல்முறையாய்க் கண்ணை எடுத்துக் கீழே பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? இரண்டு பக்கமும் வெள்ளையாய் ஓடுகிறது என்று தெரிந்திருக்கும். கைத்தாளத்தோடு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அந்தத் தெருவைக் கும்பிட்டார். பிறகு எடுத்த பாட்டு இருக்கிறதே, கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த பூசாரியே எழுந்து வந்து வாசலில் நின்றாராம்.

கூடத்துக்குத் திரும்பியதும் பெரியவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்து இவர் கழுத்தில் போட்டார். "முன்பாட்டுக்காரரே, நாளைக்கி எந்தப் பாட்டு?" என்றார்.

அதற்குள் கூடத்து வாசலில் சத்தம். நாங்கள் சுற்றாத ஐந்தாவது தெருப் பெண்கள், கை விரலில் கோலமாவு காயாமல் வந்து நின்றிருந்தார்கள். "இது நல்லா கீதா? எங்க தெருவுலயும் நடுவுல உட்டு கரை போட்டு வெச்சிக்கினு நிக்கிறோம். வண்டி ஏன் வரல?" என்று அதட்டல்.

பெரியவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். நாலு தெருதான் முறை என்று சொல்ல வந்திருப்பார். அதற்குள் இவர் கழுத்தில் துண்டோடு முன்னால் வந்து, குரல் வந்த பக்கம் பார்த்து, "கரைய அழிக்காம வையிங்கம்மா, நாளைக்கி வரோம்" என்றார்.

யாரையும் கேட்கவில்லை. முன்பாட்டுக்காரர் சொன்னால் சொன்னதுதான். நான் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகப் பேட்டரியைச் சார்ஜுக்குப் போட்டேன்.